புது மண்டபத்தில் நான் திருப்பி அனுப்பிய மனிதர்

எங்கள் முள்ளியவளை வாசிகசாலையின் ஆண்டு மலருக்கு மதுரையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஊரில் கடல் தாண்டிப் போய் வந்தவர்கள் சிலர்தான். அவர்களில் கடைசியாக, போன ஆனியில், போய் வந்தவன் நான் என்பதால் என்னிடம் வந்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவன். கோபுரத்தின் உயரத்தையும் தெப்பக்குளத்தின் அழகையும் எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் அங்கே அதிகம் பார்த்தது ஒரு பழைய புத்தகக் கடையை. அங்கே நடந்ததை எழுதினால் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். பாதி வரைக்கும் சிரிக்கலாம்.

போனது என் மனைவி அன்னலட்சுமியின் கண்ணுக்காக. இரண்டு கண்ணிலும் வெண்படலம் விழுந்து, அரிசியில் கல் பொறுக்குவதைக்கூட அவள் விரலால் தடவித்தான் செய்துகொண்டிருந்தாள். முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருக்கும் மீராசா, சரக்கெடுக்க ஆண்டுதோறும் மதுரைக்குப் போகிறவர். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நன்றாகச் செய்வார்கள் என்று அவர்தான் சொன்னார். எதையும் கேட்டுச் செய்யுங்கோ, கேளாமல் ஒன்றும் செய்யாதேங்கோ என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். அவருக்கு என்னைத் தெரியும். முகம் தெரியாதவரிடம் ஒரு சொல் கேட்பதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் சந்தைக்குப் போய் விலை பேசுவது அன்னம்தான்.

வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் முடிந்த கையோடு, வயலையும் மாடுகளையும் தம்பியிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். மதுரையை எரித்துவிட்டுக் கோபம் ஆறுவதற்கு எங்கள் பக்கம் வந்தவள் அந்த அம்மன் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். கப்பலில் வாந்தி எடுத்துக் களைத்துப்போய்ப் படுத்திருந்த அன்னம் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, அம்மாள் எரிச்ச ஊரிலை போய்க் கண் கேக்கப் போறம். எந்த ஊர் எண்டு ஆரும் கேட்டால் சொல்லிப்போடாதேங்கோ."

அதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. மதுரையில் நான் வாய் திறந்ததும் எல்லாரும் கேட்டது, "மலையாளமா?" என்றுதான். ஸ்டேசன் வாசலில் குதிரை வண்டிக்காரர் அப்படிக் கேட்டார். இல்லை, தமிழ்தான் என்றேன். அவர் நம்பவில்லை. பாதி வழியில் வண்டியின் சில்லு கழன்று ஓடி ஒரு வெற்றிலைக் கடையில் போய் முட்டியது. கடைக்காரருக்கும் அவருக்கும் சண்டை. நடுவில் அவர் என்னைச் சுட்டிக்காட்டி, "வெளியூர் ஆளு வண்டியில இருக்காரு, மானத்த வாங்காத" என்றார். அன்னம் ஒன்றும் தெரியாமல் வண்டிக்குள் சரிந்துபோய் இருந்து, "வந்திட்டமோ?" என்று கேட்டாள்.

அன்று சாயந்தரம் ஒரு சாப்பாட்டுக் கடையில், அவர்கள் டீ என்று சொல்கிற தேத்தண்ணியைக் கேட்டேன். பரிமாறுகிறவர் முழித்தார். மறுபடி சொன்னேன். அவர் உள்ளே திரும்பி, "இங்கிட்டு வாடா, இவரு பேசுறதக் கேளு" என்று இன்னொருவரைக் கூப்பிட்டார். கேலியாக இல்லை, ஆசையாகத்தான் கூப்பிட்டார். ஆனால் எனக்குக் காது சுட்டது. அதோடு பேச்சை விட்டேன். பக்கத்து இலையைக் கையால் காட்டுவேன், அது வரும். ஒருநாள் பக்கத்தில் பத்தியக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்று எனக்கு மோரும் சோறும்தான். அவர்களுடைய சோறு மல்லிகை மொட்டுப் போல வெள்ளையாக இருக்கிறது. வயிற்றில் நிற்பதில்லை. எங்கள் சிவப்பரிசிச் சோறும் சொதியும் தின்று பழகியவனுக்கு மூன்று மணிக்கே பசிக்கும்.

ஆஸ்பத்திரியில் அன்னத்தைப் பெண்கள் பகுதியில் சேர்த்தார்கள். ஆண்கள் சாயந்தரத்தில் மட்டும் போய்ப் பார்க்கலாம். மறுநாளே கண்ணின் படலத்தை வெட்டி எடுத்தார்கள். இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருக்க இரு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கவைத்தார்கள். பகல் முழுக்க எனக்கு வேலையில்லை. வேலையில்லாத பகல் எனக்குப் பழக்கமும் இல்லை. கோயிலைச் சுற்றினேன், வெயில் தாங்காமல் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருந்த கல் மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

அதற்குப் பெயர் புது மண்டபம். ராசாக்கள் காலத்தில் புதிதாக இருந்திருக்கும். உள்ளே போனதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை, தையல் மெசின்களின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஆள் உயரக் கல் ராசாக்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் தையற்காரர்கள் இருந்து பாவாடை தைக்கிறார்கள். ஒரு ராசாவின் கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது. வளையல், குங்குமம், பித்தளைப் பாத்திரம் என்று தூணுக்குத் தூண் சரக்கு. தென்புறத்து மூலையில், ஒரு கல் குதிரையின் வயிற்றுக்குக் கீழேயும் அதன் இரு பக்கமும், புத்தகங்கள்.

அவ்வளவு புத்தகத்தை நான் ஒரே இடத்தில் கண்டதில்லை. நாலைந்து பேர் நின்றபடி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாசித்து முடித்து, புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார். நானும் ஒன்றை எடுத்தேன். முதல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் முத்திரை இருந்தது. அடுத்ததில் ஒரு வக்கீலின் பெயர். இன்னொன்றில், இறந்துபோன தகப்பனாரின் ஞாபகமாக என்று மகன் எழுதியிருந்தார்.

எங்கள் ஊரில் புத்தகம் விற்பவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் புத்தகக் கடை உண்டு, அங்கே இருப்பதெல்லாம் மடிப்புக் கலையாத புதுப் புத்தகம். ஒருவர் வாசித்த புத்தகத்தை விற்பார்கள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. அது வீட்டில் இருக்கும், அல்லது வீட்டுக்காரர் காலமானால் பெயர் எழுதி வாசிகசாலைக்குக் கொடுப்பார்கள். எங்கள் அலுமாரியில் பாதி அப்படி வந்ததுதான். ஆகவே பெயர் எழுதிய பழம் புத்தகங்களையும் நின்று வாசிக்கிறவர்களையும் ஒன்றாகக் கண்டபோது, இது கோயில்காரர் நடத்துகிற வாசிகசாலை என்று நினைத்தேன். ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. பக்கத்தில் பேரம் பேசுகிற சத்தம் கேட்டது. அது வளையல் கடை என்று எண்ணிக்கொண்டேன்.

புத்தகங்களுக்கு நடுவே பலகை போட்டு இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். பெயர் வேலுச்சாமி. வாய் நிறைய வெற்றிலை. என்ன வேண்டும் என்று கேட்டார். சும்மா வாசிக்க என்றேன். அவர் மலையாளமா என்று கேட்கவில்லை, பேச்சிலேயே சிலோன் என்று கண்டுகொண்டார். "படிங்கண்ணே, நல்லாப் படிங்க. பிடிச்சா எடுத்துக்கலாம்" என்று தன் பலகையில் பாதியை எனக்கு ஒதுக்கித் தந்தார். சிலோன்காரர்கள் ஊர் திரும்பும்போது மொத்தமாக வாங்குவார்கள் என்று அவர் காத்திருந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாயந்தரம் அன்னத்திடம் சொன்னேன், என்ன பெரிய மனம் இந்த ஊருக்கு, பெயர்கூடக் கேட்காமல் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள் என்று.

"அப்ப எங்கட வாசிகசாலையிலை மட்டும் ஏன் கையெழுத்துக் கேக்கினம்?" என்றாள் அவள், மணல் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தபடி.

மறுநாள் வெள்ளனவே போனேன். நமது வாசிகசாலையில் முதலில் வருகிறவர்தான் கூட்டித் துப்புரவாக்க வேண்டும். அங்கேயும் ஒரு தும்புத்தடி தூணில் சாத்தியிருந்தது. எடுத்துக் கூட்டினேன். சரிந்து கிடந்த புத்தகங்களைப் பெரியது கீழே, சிறியது மேலே என்று அடுக்கினேன். வேலுச்சாமி வந்து பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றார். பக்கத்துத் தையற்காரர் காதர் பாய், மெசினை நிறுத்தி, "வேலு, ஒனக்கு ஆள் வச்சாச்சா? எனக்கும் ஒரு சிலோன்காரரச் சொல்லி விடப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஊரில் நான் முதல்முறையாக நிம்மதியாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். அங்கே எனக்கு முறை தெரிந்திருந்தது. ஒன்றையும் ஒருவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் நான் போனபோது, அடுக்கின் மேலே தனியாக ஒரு புத்தகம் இருந்தது. அட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. புரட்டினேன். மாட்டு வாகடம். மாடுகளுக்கு வருகிற நோயும் அதற்கு மருந்தும் பாட்டாகவும், கீழே வசனமாகவும் அச்சடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் இது ஓலையில்தான் உண்டு. ஓலை வைத்திருக்கிற பரியாரி, மருந்தைத் தருவாரே தவிர ஓலையைக் காட்டமாட்டார். நாற்பத்தாறு வயது வரை மாட்டோடு வாழ்ந்தவனுக்கு, அதை மடியில் வைத்ததும் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கழலை, கோமாரி, நாக்குப் புண், கால் வீக்கம். பாதிக்கு மேல் வந்துவிட்டேன்.

மத்தியானம் வேலுச்சாமி சாப்பிடப் புறப்பட்டார். "பாத்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். சரி என்று தலையை ஆட்டினேன். வாசிகசாலையைப் பார்த்துக்கொள்வது எனக்குப் பழக்கம்தானே.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்தார். என் வயதுதான். தலையில் சிவப்புத் துண்டு, கணுக்கால் வரை செம்மண். தூணுக்கு அப்பாலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் நிமிர்ந்து பார்க்கும் வரை பேசவில்லை. பிறகு, "சாமி, மாட்டு வாகடம் ஒண்ணு..." என்று இழுத்தார்.

நமது வாசிகசாலையில் இதற்கு முறை உண்டு. ஒருவர் கையில் இருக்கிற புத்தகத்தை மற்றவர் கேட்டால், வாசித்து முடிக்கும்வரை பொறுக்கச் சொல்லலாம். அதில் மனக்குறை இல்லை. எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். மதுரைக்கு வந்த பிறகு நான் பேசிய மிக நீளமான வாக்கியத்தை அப்போது பேசினேன்.

"இதைத்தான் வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். இன்னும் முடியேல்லை. நாளைக்கு வாங்கோ."

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "சரிங்க சாமி" என்றார். ஆனால் உடனே போகவில்லை. என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனார். நான் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து வாசிக்கத் தொடங்கினேன்.

வேலுச்சாமி திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, சிவப்புத் துண்டு கட்டிய ஒருவர் வந்தாரா என்பது. வந்தார் என்று நான் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். வாசித்து முடியாதபடியால் நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏண்ணே?"

நான் முறையை விளக்கினேன். முதலில் வாசிக்கிறவர் முடித்தபிறகுதானே மற்றவர்.

"அண்ணே" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல. "இது கடை. இந்தப் புத்தகமெல்லாம் விக்கிறதுக்கு வச்சிருக்கேன்."

காதர் பாய்தான் முதலில் சிரித்தார். பிறகு வளையல் கடை அம்மாள். மண்டபத்தின் ஒரு பக்கம் முழுவதும் விசயம் பரவியது. லைப்ரரின்னு நெனச்சுட்டாரு, அதான் கூட்டிப் பெருக்கினாரு என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்வது கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது, ஆனாலும் அது தாங்கக்கூடியது. தாங்க முடியாதது அதற்குப் பிறகு வேலுச்சாமி சொன்னது. அவர் சிரிக்கவில்லை.

அந்த மனிதர் காலையிலேயே வந்திருக்கிறார். மேலூருக்கு அப்பால் ஆலம்பட்டிக்காரர், பெயர் கருப்பையா. சோடி உழவு மாட்டில் ஒன்று வயிறு உப்பி, அசை போடாமல் நிற்கிறதாம். மேலூர் மாட்டு டாக்டர் ஊரில் இல்லை. இங்கே பழைய வாகடம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் வாசித்துச் சொல்லுவாராம். மத்தியானம் வாங்கோ, தேடி வைக்கிறேன் என்று வேலுச்சாமி அனுப்பியிருக்கிறார். கட்டுகளைப் பிரித்துத் தேடி எடுத்து அடுக்கின் மேலே வைத்ததும் அவருக்காகத்தான். அதைத்தான் நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆள் வந்தால் கொடுத்துவிடுவேன் என்று நினைத்து அவரும் விட்டுவிட்டாராம்.

அந்த மனிதர் தன் மாட்டைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என்ன நோய் என்று நான் ஒரு சொல் கேட்டிருந்தாலும் போதும். அவரும் என்னைப் போல ஒருவர். வெள்ளை வேட்டியும் சால்வையுமாகப் பலகையில் இருந்த என்னை அவர் கடை முதலாளி என்று நினைத்திருப்பார்.

நாளைக்கு வருவார், விடுங்கண்ணே என்றார் வேலுச்சாமி. வயிறு உப்பின மாட்டுக்கு நாளை என்ற ஒன்று இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். புத்தகத்தின் விலையைக் கொடுத்து, அதைச் சால்வையில் சுற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

அங்கே இன்னொரு வெட்கக்கேடு. மேலூர் பஸ் எது என்று யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்டால் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள், மண்டபத்தில் சிரித்ததே போதும் என்று மனம் சொன்னது. போர்டை நானே பார்த்து, கூட்டம் தள்ள, ஒன்றில் ஏறிவிட்டேன். வழியில் உட்கார இடம் கிடைத்ததும் புத்தகத்தைத் திறந்து வயிற்று உப்புசம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். உண்மையைச் சொல்கிறேன். அது அந்தப் புத்தகத்தில் இருக்கக்கூடாது என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. இல்லையென்றால் நான் செய்ததில் நட்டமில்லை அல்லவா. இருந்தது. நான் நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே இருந்தது.

நிமிர்ந்தபோது பஸ் திருமங்கலத்தில் நின்றது. மேலூர் வடக்கே, திருமங்கலம் தெற்கே. திரும்பி மதுரை வந்தபோது ஆஸ்பத்திரி நேரம் ஆகியிருந்தது. அன்னத்தின் பக்கத்தில் போய் இருந்தேன். இன்றைக்கு என்ன வாசித்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

அடுத்த நாள் விடிந்ததும் மறுபடி பஸ் நிலையம். முதலில் கண்ட கண்டக்டரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து மேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். முந்தின நாள் கேட்டிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

மேலூரைத் தாண்டினால் ஊர் நம்முடையதைப் போல ஆகிவிடுகிறது. குளத்தை அவர்கள் கண்மாய் என்கிறார்கள். குளக்கட்டில் ஏறி நின்று பார்த்தால் கனகராயன்குளத்துப் பக்கம் நிற்பது போலிருக்கும், நமக்கு இருக்கும் காடு மட்டும் இல்லை. ஆடி உழவுக்கு வயல்கள் காத்துக் கிடந்தன. எருக் குவியல்களைக் கூடக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நடை கூடியது. ஆலம்பட்டியில் கருப்பையாவின் வீட்டை ஒரு பெண்பிள்ளை காட்டிவிட்டது.

அவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, தலையிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என் கையில் புத்தகத்தைக் கண்டார்.

"அதுக்குள்ள படிச்சு முடிச்சிட்டீங்களா சாமி?" என்றார்.

அதில் குத்தல் இல்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

மாடு எப்படி என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன் உள்ளே இருந்து அவர் மனைவி வந்தார். மெலிந்த, உயரமான பெண். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாளைக்கு வான்னு சொன்னவரு இவருதானா?"

"சும்மா இரு பேச்சி" என்றார் கருப்பையா.

"நான் என்ன சொல்லிட்டேன்? படிச்ச மனுசருக்கு நாள் நெறைய இருக்கும். மாட்டுக்கு இல்லையே."

நடந்ததைப் பேச்சிதான் சொன்னார், கருப்பையா கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடிமாடு வாங்குகிற வியாபாரி ஒருவர் முந்தின நாள் காலையிலேயே ஊருக்குள் வந்து இந்த மாட்டைக் கேட்டிருக்கிறார். புத்தகம் வாங்கி வரப் போகிறேன், மருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கருப்பையா அவரை நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெறுங்கையோடு திரும்பி வந்தபோது வியாபாரி கண்மாய்க் கரையில் காத்திருந்தார். உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் ஏதாவது தருவேன், விடிந்தால் தோலுக்குத்தான் கேட்பேன் என்றாராம். கொடுத்துவிட்டார்கள். நடக்கமாட்டேன் என்று நின்ற மாட்டை இரண்டு பேர் வாலை முறுக்கி ஓட்டிப் போனார்கள்.

எந்தப் பக்கம் என்று கேட்டேன். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். பேச்சி இல்லை என்று தலையை ஆட்டினார். இரவோடு வண்டியில் ஏற்றியிருப்பார்கள் என்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வழியெல்லாம் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அங்கே நின்றபோது அவற்றை விட்டுவிட்டு, அந்தக் கடை கடை என்று எனக்குத் தெரியாது, எங்கள் ஊரில் இப்படி ஒரு முறை உண்டு என்று சொல்லத் தொடங்கினேன். கருப்பையா, "நீங்க என்ன செய்வீங்க சாமி, படிச்சிட்டு இருக்கறப்ப நான்தான வந்து தொந்தரவு பண்ணுனேன்" என்றார்.

கேப்பைக்கூழும் வெங்காயமும் தந்தார்கள். மாட்டைத் தொலைத்துவிட்டு நிற்கிற வீட்டில், தொலைத்தவனுக்கு. குடிக்கமாட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு குற்றம். குடித்தேன். பிறகு பேச்சி, "அந்தப் புத்தகத்துல என்னதான் போட்டிருக்கு? வாசிங்க, கேப்போம்" என்றார்.

நான் ஒருபோதும் நாலு பேர் முன்னால் வாசித்தவன் அல்ல. எங்கள் வாசிகசாலைக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கச் சொன்னபோது காய்ச்சல் என்று வீட்டில் படுத்தவன். தொழுவத்துக்கு முன்னால் ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டார்கள். அதில் இருந்து புத்தகத்தைத் திறந்தேன். அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருந்தவர்களும் வந்து நின்றார்கள். பாட்டை விட்டுவிட்டு வசனத்தை வாசித்தேன். வயிறு உப்பி அசை போடாத மாட்டுக்கு இஞ்சியும் ஓமமும் தட்டி, பெருங்காயம் கரைத்து, விளக்கெண்ணெயில் கலந்து கொடுக்க வேண்டும், மாட்டை மேட்டில் முன்னங்கால் இருக்கும்படி நிறுத்த வேண்டும் என்று இருந்தது.

வாசித்து நிறுத்தினேன்.

"இம்புட்டுத்தானா?" என்றார் பேச்சி. "இஞ்சி, ஓமம், காயம், எண்ணெய். எல்லாம் நம்ம அடுப்பங்கரையிலயே இருக்கே."

கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. மருந்து கொடுத்தும் செத்த மாடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல வாய் எடுத்தேன். என் மனம் ஆறுவதற்காகத்தான் சொல்லப் போகிறேன் என்று பட்டது. சொல்லவில்லை.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார் பேச்சி. வாசித்தேன். மூன்றாம் முறை நான் தொடங்குவதற்கு முன்னாலேயே அவர் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டார். அங்கே நின்றவர்கள் தங்கள் மாடுகளுக்கு வந்த நோய்களைச் சொன்னார்கள். ஒவ்வொன்றாகத் தேடி வாசித்தேன். குரல் நடுங்குவது நின்றுவிட்டது. பஸ் வருகிற நேரம் வரை வாசித்தேன்.

புறப்படும்போது புத்தகத்தைக் கருப்பையாவின் கையில் வைத்தேன். அவர் அதை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். பிறகு என்னிடமே நீட்டினார்.

"எனக்கு எழுத்துத் தெரியாது சாமி. வேண்டியத அவ மனசுல வாங்கிட்டா. நீங்க பாதியிலதான விட்டிருக்கீங்க, கொண்டுபோய் முடிச்சிருங்க."

வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. பேச்சியும் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன், அவர் உரலை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயந்தரம் ஆஸ்பத்திரியில் அன்னத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண் கட்டியிருந்ததால்தான் சொல்ல முடிந்தது. வாசிகசாலை என்று நான் நினைத்த இடத்தில் அவள் உதடு கொஞ்சம் சிரித்தது. பிறகு சிரிக்கவில்லை. இஞ்சியும் ஓமமும் என்று நான் சொன்னபோது, போர்வையின் ஓரத்தை விரலால் உருட்டிக்கொண்டு கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாளுக்கு மகள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்னமும் மாட்டோடு வளர்ந்தவள்தான்.

"மற்றது எப்பிடி நிக்குது?" என்று கேட்டாள்.

"எது?"

"சோடி மாடு. தனிய நிக்கிறது. தின்னுதோ?"

அந்தத் தொழுவம் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ஒரு காலை முழுக்க அதற்கு முன்னால் இருந்தேன். மணிச் சத்தம் கேட்டது, வைக்கோல் மணமும் வந்தது. நான் புத்தகத்தை விட்டுத் தலையை எடுக்கவேயில்லை.

"நான் பாக்கேல்லை" என்றேன்.